கோபுரம் இருந்தால் விமானங்கள் மோதாதா?

அமெரிக்காவின் சிறு விமான நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாது. கலிபோர்னியாவின் வாட்சன்வில் அப்படி ஒன்று. எங்கே இருக்கிறோம், எப்போது இறங்குகிறோம் என்பதை விமானிகளே பொது அலைவரிசையில் சொல்லிக்கொள்ள வேண்டும். 2022 ஆகஸ்டில் செஸ்னா 152 என்ற சிறு விமானம் ஒன்று வட்டமடித்து இறங்க வந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று நேராக, அளவுக்கு மீறிய வேகத்தில் பின்னால் வந்தது. இருவரும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் மோதிக்கொண்டார்கள்; மூவர் இறந்தனர்.

கொலராடோவின் சென்டென்னியலில் கோபுரம் உண்டு, இணை ஓடுபாதைகளும் உண்டு. சரி, அங்கே மோதவில்லையா? 2021 மே மாதம் சிர்ரஸ் என்ற சிறு விமானம் ஒன்று, திரும்பும்போது தன் பாதையைத் தாண்டிப் போய், பக்கத்து ஓடுபாதைக்கு வந்த மெட்ரோலைனர் விமானத்தின் முதுகைக் கிழித்தது. சிர்ரஸ், விமானத்தையே தாங்கும் தன் பாராசூட்டில் இறங்கியது. மற்றது கிழிந்த உடலோடு ஓடுபாதையிலேயே இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. அதிர்ஷ்டம்தான், வேறென்ன!

என்னைக் கேட்டால் கோபுரமே மேல்; வரிசை சொல்ல ஒருவராவது இருக்கிறார். ஆனால் வாட்சன்வில்லில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் இருந்தார்கள். சென்டென்னியலில் அந்த இரண்டு விமானங்களும் வெவ்வேறு அலைவரிசையில், வெவ்வேறு கட்டுப்பாட்டாளரிடம் பேசிக்கொண்டிருந்தன.