சனிக்கிழமை மூன்று மணி ஆட்டமும் ஒரு பழைய எஃப்எம் பெட்டியும்: டீஸைடில் ஏழு வருட அனுபவம்

வடகிழக்கு இங்கிலாந்தில் டீஸ் ஆற்றங்கரையான டீஸைடில் இருக்கும் மிடில்ஸ்பரோவுக்குப் படிக்க வந்த புதிதில் முடி வெட்டப் போன இடத்தில், சும்மா பேச்சுக்கு, "நீங்களும் ஜோர்டிதானே?" என்று கேட்டுவிட்டேன். கத்தரி அப்படியே நின்றுவிட்டது. ஜோர்டி என்றால் நியூகாசில்காரர், இங்கிருந்து நாற்பது மைல் வடக்கே. இந்த ஊர்க்காரர்கள் ஸ்மாகிகள். ஆலைப்புகையைச் சொல்லிப் பக்கத்து ஊர் ரசிகர்கள் கேலியாக வைத்த பெயர், இப்போது இவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அன்று அந்தக் கடையில் பாடிக்கொண்டிருந்த உள்ளூர் ரேடியோவான பிபிசி டீஸைத்தான் வீட்டுக்கு வந்து நானும் போட ஆரம்பித்தேன், ஏழு வருஷமாக விடவில்லை.

இந்தக் காலத்தில் ரேடியோவா என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தில் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை டிவியில் நேரடி ஃபுட்பால் காட்டக்கூடாது. காட்டினால் சின்ன கிளப்களின் மைதானம் காலியாகிவிடும் என்று பல பத்தாண்டுகளாக இருக்கும் தடை. போரோ (மிடில்ஸ்பரோ கிளப்பை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) 2017-இல் முதல் நிலையான ப்ரீமியர் லீகிலிருந்து இறங்கி இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் ஆடுகிறது, பாதி ஆட்டம் அந்த மூன்று மணிக்குத்தான். டிக்கெட் எடுக்காதவனுக்கு ரேடியோதான் கதி.

மூன்று விதமாகவும் கேட்டுப் பார்த்துவிட்டேன். செல்போன் வசதிதான், ஆனால் அரை நிமிஷம் பின்தங்கும். என் வீடு வரிசை வீடுகளில் ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவர் "யெஸ்!" என்று கத்திய பிறகு என் போனில் எதிரணி கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். டிஜிட்டல் ரேடியோ பரவாயில்லை, இரண்டு மூன்று நொடிதான். கடைசியில் சாரிட்டி கடையில் ஐந்து பவுண்டுக்கு வாங்கிய எஃப்எம் பெட்டியில் 95.0-ஐ வைத்ததும்தான் பெரியவரும் நானும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தோம். குறை ஒன்று உண்டு: சமையலறையில் அந்த மலிவு எல்இடி பல்பைப் போட்டால் கரகரவென்று இழுக்கும், அதனால் குளிர்காலத்தில் ஆட்டம் முடியும்வரை இருட்டில்தான் வெங்காயம் நறுக்க வேண்டியிருக்கிறது. டிவியில் வருகிற ஆட்டத்துக்கு டிவி சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோவைப் போட்டால் இன்னும் விசேஷம், கோல் விழுந்ததைக் கேட்டுவிட்டு அது எப்படி விழுந்தது என்று பிறகு பார்க்கலாம்.

நடுநிலையான வர்ணனை வேண்டும் என்றால் தேசிய ரேடியோவைக் கேளுங்கள். இங்கே "நம்ம பசங்க"தான். போரோவில் ஆடிய நீல் மேடிசன் போன்றவர்கள் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பெனால்டி கிடைக்காவிட்டால் பெருமூச்சு ரேடியோவில் அப்படியே கேட்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இதற்கெல்லாம் பெரியப்பா, இதே நிலையத்தில் போரோ ஆட்டங்களை வர்ணித்த அலி பிரவுன்லீ. நான் வருவதற்கு முன்பே, 2016 பிப்ரவரியில் இறந்துவிட்டார், மூன்றே மாதத்தில் அணி ப்ரீமியர் லீகுக்கு ஏறியது, அதைக் கேட்க அவர் இல்லை. ஆனால் 2006 ஏப்ரல் 27 வர்ணனையை இங்கே பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பிக்கிறார்கள். ஐரோப்பிய கிளப்களுக்கான யூஈஎஃப்ஏ கோப்பை அரையிறுதி, எதிரே ருமேனியாவின் ஸ்டெயாவா புகாரெஸ்ட். இரண்டு ஆட்ட கோல்களையும் கூட்டித்தான் முடிவு; முதல் ஆட்டத்தில் 1-0 தோல்வி, இரண்டாவதில் இருபத்தைந்து நிமிஷத்துக்குள் மேலும் இரண்டு வாங்கியாகிவிட்டது, இனி நான்கு கோல் வேண்டும். அடித்தார்கள். நான்காவது 89-வது நிமிஷத்தில், அடித்தவர் மக்கரோனே. பிரவுன்லீ 1876-இல் கிளப் பிறந்ததிலிருந்து டீஸைடின் இரும்பு உலைகள், எஸ்டன் குன்றுச் சுரங்கங்கள் என்று எல்லாவற்றையும் இழுத்து மூச்சுவிடாமல் கத்திவிட்டு, "எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க, பார்மோ சாப்பிடலாம்!" என்றார். பார்மோ என்றால் கோழியைத் தட்டையாக அடித்து, ரொட்டித்தூளில் பொரித்து, மேலே வெள்ளை சாஸும் சீஸும் உருக்கியது. பீட்சா டப்பாவில் தருவார்கள், ஒரு ஆள் தின்று முடிக்க முடியாது. இறுதியாட்டத்தில் செவியாவிடம் 4-0 என்று தோற்றார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நிலையத்தின் பெயரே ஒரு கதை. 1970-இன் கடைசி நாள் ரேடியோ டீஸைட் என்று தொடங்கி, 1974-இல் கிளீவ்லாண்ட் மாவட்டம் உருவானதும் ரேடியோ கிளீவ்லாண்ட் ஆகி, 1996-இல் மாவட்டமே ஒழிந்த பிறகும் 2007 வரை அந்தப் பெயரிலேயே ஓடி, அப்புறம் பிபிசி டீஸ். டீஸ் ஆற்றின் தென்கரை பழைய யார்க்‌ஷயர், வடகரை டர்ஹம், நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் ஒரே தெருவில் மூன்று பதில் வரும். ரசிகர்களிடம் கேட்டால் மட்டும் ஒரே பதில்: ஜோர்டி இல்லை.

எஃப்எம் பெட்டிக்குப் போன வாரம் ஏரியலில் கம்பி கட்டினேன். முடி வெட்டுபவர் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பதே முந்தைய ஆட்டத்தில் யாரைக் கழற்றிவிட்டிருக்க வேண்டும் என்றுதான், நானும் எல்லாம் தெரிந்தவன் போல "நம்ம லெஃப்ட் பேக்" (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) என்று சொல்லிவிட்டுக் காதைக் காட்டுகிறேன்.