கேஸ் கம்மி என்றால், இருந்த கேஸ் எங்கே போனது?

எங்கள் வீட்டு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசிக்குப் போன மாதம் ஒரு ரிப்பேர் முடிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எத்தனை ஸ்டார், எத்தனை வாட்ஸ் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கும், அதற்குள் போகவில்லை. கம்பெனி பேரும் வேண்டாம். என் ஆதங்கம் ஒன்றுதான். கூலிங் குறைகிறது என்று ஆளைக் கூப்பிட்டால், வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் பெட்டிப் பக்கம் போய்ப் பார்க்கும் முன்பே "கேஸ் கம்மியா இருக்குங்க, போட்டுரலாங்களா?" என்று கேட்கிறார்கள். கோடை தவறாமல் இதே கேள்வி.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். திருப்பூரில் சித்திரை மாதம் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூட்டை இறக்கும். அந்த அறையை 26 டிகிரிக்குக் கொண்டுவந்து, விடியும் வரை சத்தமே இல்லாமல் அப்படியே வைத்திருக்கிறது. அம்மாவுக்கு ஃபேன் காற்று ஆகாது, ஆனால் இதன் காற்று ஒத்துக்கொள்கிறது. கரண்ட் பில்லும் பயந்த அளவுக்கு வரவில்லை. நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே இருக்கும் அடுக்குகளின் கட்டணமும் சேர்ந்து ஏறிவிடும் என்பதால், நான் கண் வைத்திருப்பது அந்த எண்மேல்தான். மெஷின் நன்றாக இருக்கும் கோடைகளில் அதைத் தாண்டுவதில்லை.

தாண்ட ஆரம்பித்தால் ஏசிக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இதுதான் முதல் அறிகுறி. அதே அறை, அதே 26, அதே நேரம். ஆனால் குளிர முன்பு கால்மணி நேரம் எடுத்தது இப்போது முக்கால் மணி எடுக்கிறது, யூனிட்டும் கூடுகிறது. அப்போது முதலில் ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுகிறோம். அதற்கு ஆள் தேவையில்லை. பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். அறைக்குள் இருக்கும் இன்டோர் பெட்டியில் தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் டிரெயின் குழாயில் அழுக்கு அடைத்திருக்கும். ஊறப்போட்ட துணி மாதிரி வாடை வந்தால் காற்றைக் குளிர வைக்கும் காயில் குழாய்களும் உள்ளே சுற்றும் புளோயர் விசிறியும் அழுக்கு. அதைக் கழற்றிக் கழுவத் தெரிந்த ஆள்தான் செய்ய வேண்டும்.

இதில் எதற்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எதைச் சொன்னாலும் பதில் கேஸ்தான்.

ஒரு கோடையில் அவுட்டோர் கொஞ்ச நேரம் ஓடி ஓடி நின்றது. வந்தவர் வழக்கம்போலக் கேஸ் என்றார். அவுட்டோரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பனியன் கம்பெனி. நிட்டிங் மெஷினிலிருந்து வரும் பஞ்சு ஜன்னல் வலையிலெல்லாம் படியும். ஆடிக் காற்றில் அது புழுதியோடு சேர்ந்து அவுட்டோரின் பின்பக்க ஃபின் (வரிசையாக இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள்) முழுக்கப் போர்வை போர்த்தியதுபோல் ஒட்டியிருந்தது. அறையிலிருந்து இழுத்த சூடு வெளியே போக வழியில்லாமல் பிரஷர் ஏறி மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றிருக்கிறது. அந்த நிலையில் கேஸும் கூடுதலாக ஏற்றியிருந்தால் பிரஷர் இன்னும் ஏறி, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் கெடுவதில்தான் போய் முடிந்திருக்கும். பிரஷ் போட்டுப் பஞ்சை எடுத்துக் கழுவியதும் ஏசி பழையபடி ஓடியது. கழுவும்போது நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். நம் போர் தண்ணீர் உப்பு. ஃபின்மேல் வெள்ளையாகப் படிந்து அலுமினியத்தை அரித்துவிடும். திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் பஞ்சு பறக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதை வருஷத்துக்கு ஒருமுறை என்று விடக் கூடாது.

சரி, நிஜமாகவே கேஸ் குறைந்த கதைக்கு வருகிறேன். ஏசிக்குள் இருக்கும் ஆர்32 கேஸ் எரிந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. குழாயில் ஓட்டை இல்லை என்றால் பத்து வருஷம் ஆனாலும் அதே அளவு இருக்க வேண்டும். குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் மேலே மேலே ஊற்றினால் அடுத்த கோடைக்கு அதே பிரச்சினை, மறுபடியும் மூவாயிரம் ரூபாய் பக்கம் செலவு. கம்பெனி சர்வீஸிலிருந்து வந்தவர்கள் எங்கள் வீட்டில் செய்தது இதுதான். எங்கே கசிகிறது என்று கேட்டால், "ஓட ஓடக் கொஞ்சம் கொறையுமுங்க" என்று பதில். குறையாது.

இந்த வருஷம் இன்டோர் காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் பனி கட்டியது. ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது. அவுட்டோரில் சேரும் சின்னக் குழாயின் வால்விலும் வெள்ளையாகப் பனி. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். ஆனால் கம்பெனியை மறுபடி கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. அவிநாசிப் பக்கமிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தேன். அவர் பிரஷர் பார்க்கும் கேஜை வெளியே எடுக்கவே இல்லை. அவுட்டோர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் குழாய் இணைப்புகளை விரலால் தடவினார். குழாயின் விரித்த நுனியைப் பிடித்து இறுக்கும் ஒரு பிளேர் நட்டுக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கு, அதில் பஞ்சு ஒட்டிக் கறுத்திருந்தது. கம்ப்ரஸர் ஆயில் கேஸோடு சேர்ந்து சுற்றுவதால் கசியும் இடத்தில் பிசுக்கு விடும் என்றார். சோப்பு நுரை தடவியதும் மெல்ல மெல்லக் கொப்புளம் வந்தது. இத்தனை கோடைகளாக ஏணி போட்டு ஏறிய யார் கண்ணிலும் படாதது!

மீதி கேஸை எடுத்துவிட்டு, குழாய் நுனியை வெட்டிப் புதிதாகப் பிளேர் செய்து, நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்த்தார். பிறகு வேக்குவம் பம்பு போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டுத்தான் கேஸ். அதையும் சிலிண்டரைத் தராசில் வைத்து, அவுட்டோர் தகட்டில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு ஏற்றினார். இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், பிரஷரும் மாறும். கேஜ் முள்ளை மட்டும் பார்த்து "போதும்" என்று நிறுத்துவது குருட்டுக் கணக்கு. ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடியதும்கூட. உள்ளே கேஸை வைத்துக்கொண்டு குழாயில் வெல்டிங் டார்ச் காட்டுகிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்த மனிதர் வேலை செய்ததைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்தது. வாங்கின கூலி நியாயமானது. கம்பெனி மேல் இருந்த கோபம் அப்போதுதான் இரட்டிப்பானது. இந்த வேலை அவர்களுக்குத் தெரியாததல்ல, செய்ய நேரம் ஒதுக்காததுதான் பிரச்சினை. பங்குனி, சித்திரையில் ஒரே நாளில் வீடு வீடாக ஓட விடுகிறார்கள். பையன்கள் பாவம்தான், அவர்களும் என்ன செய்வார்கள்? அதனால் சர்வீஸை மாசியிலேயே முடித்துவிடுவது நல்லது. ஆள் நிதானமாக இருப்பார், நாமும் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம்.

கோபியிலிருந்து சித்தப்பா பையன் போன் செய்து, "அண்ணா, உங்களுது மாடலையே வாங்கிரட்டுங்களா, வெல எறங்கியிருக்குது" என்றான். மெஷினைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் அவனிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு, வாங்காதே என்றேன். கோபியில் உனக்கு நம்பிக்கையான மெக்கானிக் யார், அவர் எந்தக் கம்பெனி மெஷினைக் கைபடப் பார்த்துப் பழகியவர் என்று முதலில் விசாரி, அதை வாங்கு. அவுட்டோரை ஏணி இல்லாமல் கை எட்டும் இடத்தில் மாட்டு, மேற்கு வெயில் படாமல் மாட்டு என்றேன். அவனுக்கு ஒரே குழப்பம். நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், வாங்காதே என்றும் சொல்கிறீர்களே என்கிறான். இரண்டும்தான் தம்பி.