ஜார்ஜ் டவுனில் வழி தேட மேப்பா, வாயா?

சென்னையில் பாரிமுனைக்கு வடக்கே கால்நடையாகச் சுற்றப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. என் ஓட்டு வாய்க்குத்தான், அதாவது ஆளைக் கேட்பதற்கு. ஆனால் மேப்பை ஒதுக்கவும் மாட்டேன்.

எந்த மெட்ரோவில் இறங்குவது, ஹைகோர்ட்டா மண்ணடியா? இதற்கு மேப்தான் சரி. உள்ளே நுழைந்ததும் மேப் தடுமாறும். ராஜாஜி சாலைக்கும் பிராட்வேக்கும் நடுவில் தம்பு செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் வடக்கு தெற்காக நெருக்கி ஓடுகின்றன. இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம். நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவினால் நமக்குத் தெரியவே தெரியாது. குறுக்குச் சந்தை மேப் காட்டும். அங்கே மீன்பாடி வண்டியை, அதாவது மூன்று சக்கரச் சரக்கு வண்டியை, குறுக்கே நிறுத்தி மூட்டை இறக்குவதைக் காட்டாது.

பெயரும் ஒரு சிக்கல். போர்டில் பிரகாசம் சாலை, வாயில் பிராட்வே. கச்சாலீஸ்வரர் கோயில் இருக்கும் அரண்மனைக்காரத் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனிய வணிகர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெரு அது. 1772இல் எழுந்த அவர்கள் தேவாலயம் இன்றும் அங்கேதான் நிற்கிறது. 'ஆர்மீனியன்' நம் வாயில் புரண்டு 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஊர்ப்பெயர்க் கதை இதுதான். இரண்டு பெயரையும் தெரிந்துகொண்டு போங்கள்.

ஆளைக் கேட்கும்போது தெருப்பெயரோடு சரக்கையும் சொல்லுங்கள். போன மாதம் ஒரு டீக்கடையில் கேட்டேன்: "அண்ணே, ஆண்டர்சன் தெரு எங்க?"

கிளாஸைக் கழுவிக்கொண்டே திருப்பிக் கேட்டார்: "இன்னா வாங்கணும்? கல்யாணப் பத்திரிகையா, பேப்பரா?"

பத்திரிகை என்றதும் ஈரக் கையாலேயே திருப்பத்தைக் காட்டினார். இங்கே தெருவுக்கு அடையாளம் சரக்கு. துணி என்றால் கோடவுன் தெரு, கண்ணாடி என்றால் தேவராஜ முதலி தெரு. தலையில் சுமையோடு வருகிறவரை மட்டும் நிறுத்தாதீர்கள். உட்கார்ந்து பூக்கட்டும் அக்காவைக் கேளுங்கள். "பக்கம்தான்" என்றால் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ வாசல் வரை மேப், அப்புறம் போன் பைக்குள் போகட்டும். தம்பு செட்டித் தெருப் பக்கம் எங்கே வழி தவறினாலும் தெற்கே நடந்தால் என்.எஸ்.சி. போஸ் சாலை வந்துவிடும். எதிரே ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள் தெரியும்.