கூகுள் எர்த் புரோவா, கியூஜிஐஎஸ்ஸா?

திருகோணமலையில் வரைபட வேலை தொடங்குவோர் பலர், பூமியைச் செய்மதிப் படங்களில் காட்டும் கூகுள் எர்த் புரோ, புவியியல் தரவுகளை வரைபடமாக்கி ஆராயும் கியூஜிஐஎஸ் (QGIS) ஆகிய இரு கணினி மென்பொருள்களுக்கும் இடையே தடுமாறுகின்றனர்.

செலவு: ஆண்டுக்கு 399 டொலராயிருந்த எர்த் புரோ 2015 முதல் இலவசம், கியூஜிஐஎஸ் திறந்த மூல மென்பொருள் என்பதால் என்றுமே இலவசம்.

எளிமை: கோணமாமலையிலிருந்து கொட்டியாரக் குடா வரை முப்பரிமாணத்தில் பறந்து பார்க்கவும், நிலாவெளிக் கரையின் மாற்றத்தைப் பல ஆண்டுகளின் செய்மதிப் படங்களில் ஒப்பிடவும் எர்த் புரோவே இலகுவானது. கியூஜிஐஎஸ் பழகப் பொறுமை வேண்டும்.

ஆய்வு: இங்குதான் உண்மையான வேறுபாடு தெரிகிறது. பழைய தாள் வரைபடத்தை வருடி (ஸ்கேன் செய்து), இருப்பிடம் அறிந்த புள்ளிகளைக் கொண்டு புவியாள்கூறுகளுடன் (அகலாங்கு, நெட்டாங்கு போன்ற இட எண்களுடன்) பொருத்தவும், இலங்கைக்குரிய 1999 ஆம் ஆண்டு ஆள்கூற்று முறைக்கு மாற்றவும், குளமொன்றின் நீரேந்து பரப்பை (மழைநீர் வடிந்து குளத்தைச் சேரும் நிலப்பரப்பை) கணிக்கவும் கியூஜிஐஎஸ் இடமளிக்கிறது. எர்த் புரோவில் நீளம், பரப்பு அளத்தல் போன்ற எளிய வேலைகளே இயலும்.

இணையம்: கியூஜிஐஎஸ் கணினியிலுள்ள தரவுகளுடன் இணைப்பின்றியும் இயங்கும்.

ஆகவே வகுப்பறைக்கும் சுற்றுலா வழிகாட்டிக்கும் எர்த் புரோ போதும். ஆய்வு மாணவருக்கு கியூஜிஐஎஸ்ஸையே பரிந்துரைப்பேன்.