டாலரோடு கட்டுவதா, டாலரையே எடுத்துக்கொள்வதா?

அரசு இஷ்டத்துக்கு நோட்டு அடிப்பதைத் தடுக்க இரண்டு வழிகள். அர்ஜென்டினா 1991-இல் தன் நாணயத்தை டாலரோடு கட்டிச் சட்டமே போட்டது; 1992-இல் பெசோ வந்ததும் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்றானது. விலைவாசி அடங்கியது, ஆனால் அரசின் கடன் அடங்கவில்லை, 2001 டிசம்பரில் சொந்தக் கணக்கிலிருந்தே வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்க முடியாமல் மக்கள் வங்கி வாசலில் நின்றார்கள், அடுத்த மாதமே அந்தச் சட்டம் காற்றில் போனது.

ஈக்வடார் 2000-இல் டாலருக்கு 25,000 சூக்ரே என்று மாற்றிக்கொடுத்துவிட்டுத் தன் நாணயத்தையே தலைமுழுகியது. அறிவித்த அதிபர் மஹுவாத் அதே மாதம் பதவி இழந்தார் (அது தனிக் கூத்து), டாலர் மட்டும் நிலைத்தது. அதைக் கடுமையாக விமர்சித்த கொர்ரேயாகூட அதிபரான பிறகு கைவைக்கவில்லை, அதனால்தான் என் ஓட்டு ஈக்வடாருக்கு. சரி, வலியும் உண்டு: பக்கத்துக் கொலம்பியாவின் பெசோ விழுந்தால் அங்கத்து ரோஜா டாலர் கணக்கில் மலிவாகிவிடும், அதே ரோஜாவை விற்கும் ஈக்வடார் பூ ஏற்றுமதிக்காரர் பாடு திண்டாட்டம்தான்.