நிலமும் பொழுதும்: பிளெண்டரில் நிலக்காட்சிக்கு ஒளி அமைத்த அனுபவம்

மலையும் மரமும் எப்படியோ வந்துவிடும். வெளிச்சம்தான் படுத்தி எடுக்கும். 2017-இல் பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளின் 2.79 பதிப்பு வந்ததிலிருந்து அதில் பெரும்பாலும் நிலக்காட்சிகளைத்தான் செய்துவருகிறேன். ஒளிக்கும் எக்ஸ்போஷருக்கும் (படம் மொத்தத்தின் பிரகாச அளவு) அது தரும் கருவிகள் பல வருடப் புழக்கத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதை இங்கே எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சூரியனையும் வானத்தையும் அவற்றின் இயல்பான பலத்திலேயே விட்டுவிட வேண்டும். படம் கண்ணைக் கூசினாலும் சரி, இருண்டு கிடந்தாலும் சரி, கை போக வேண்டிய இடம் எக்ஸ்போஷர் ஸ்லைடர் மட்டுமே.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், விளக்கைக் குறைக்க ஆரம்பித்தால் அந்த வேலை ஓயாது. வெயில் பட்ட மேகம் வெளுத்துப்போகிறது என்று சூரியனைக் குறைப்போம். உடனே மலையின் நிழல்பக்கம் கருத்துவிடும். அதைத் தூக்கிக்காட்ட ஒரு துணை விளக்கு வைப்போம். அது பாறைக்கு இரண்டாவது நிழலைப் போடும். அந்த நிழலை அணைக்க இன்னொரு மாற்றம். கடைசியில் கையில் மிஞ்சுவது காலையா மாலையா என்றே தெரியாத தட்டையான படம். தெளிந்த வானத்தின் கீழ் வெயிலுக்கும் திறந்த நிழலுக்கும் 3 முதல் 4 ஸ்டாப் வித்தியாசம் உண்டு. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது; அதாவது 8 முதல் 16 மடங்கு. இந்த விகிதத்தை வைத்துத்தான் பார்ப்பவரின் கண் பொழுதைப் புரிந்துகொள்கிறது. சூரியனை மட்டும் தொட்டால் விகிதம் உடையும். எக்ஸ்போஷரைத் தொட்டால் வெயிலும் நிழலும் சேர்ந்தே ஏறி இறங்கும்.

இப்படி வேலை செய்ய வழிவிட்டது வியூ டிரான்ஸ்ஃபார்ம், அதாவது காட்சியின் ஒளி அளவுகளைத் திரையில் தெரியும் நிறங்களாக மாற்றும் அமைப்பு. இன்றும் பட்டியலில் இருக்கிற ‘ஸ்டாண்டர்ட்’, 18 சதவீத நடுச்சாம்பலுக்கு மேலே ஏறக்குறைய இரண்டரை ஸ்டாப்பிலேயே வெள்ளையில் முட்டி நின்றுவிடும். புதுப்பனி 80 முதல் 90 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புவது; அது ஒன்றே அந்தக் கூரையைத் தொட்டுவிடும். சூரியனை ஒட்டிய மேகத்துக்கும் ஏரியின் மினுக்கலுக்கும் பிறகு இடம் ஏது? 2.79-இல் வந்த ஃபில்மிக், நடுச்சாம்பலுக்குக் கீழே 10 ஸ்டாப், மேலே 6.5 ஸ்டாப் என்று தாராளமாகக் கொள்ளும். மேகத்தின் விளிம்பு நொறுங்காமல் வந்தது அதற்குப் பிறகுதான்.

2023-இன் 4.0 பதிப்பிலிருந்து ஏஜிஎக்ஸ் என்ற வியூ டிரான்ஸ்ஃபார்ம் இயல்பிருப்பாக வருகிறது. ஃபில்மிக்கில் செறிந்த நிறங்கள் பிரகாசம் கூடும்போது தம் சாயலை விட்டு வேறெங்கோ வழுக்கிப் போகும். நீரில் விழுந்த அந்தி ஒளி கெட்டியான மஞ்சள் திட்டாக மாறும். ஏஜிஎக்ஸில் அது மெல்ல வெளிறி வெள்ளைக்குப் போகிறது. கண்ணுக்கு இதுதான் இதமாக இருக்கிறது. ஆனால் அஸ்தமனம் மட்டும் சோகை பிடித்தாற்போல் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்காக வானத்தின் நிறச்செறிவைக் கூட்டப் போகாதீர்கள். ‘மீடியம் ஹை கான்ட்ராஸ்ட்’ என்ற லுக் (வியூ டிரான்ஸ்ஃபார்மோடு சேர்க்கும் கான்ட்ராஸ்ட் தேர்வு) போதும். ‘பஞ்சி’ என்ற லுக் எனக்குச் சற்று முரட்டுத்தனமாகப் படுகிறது. பாலைவனக் காட்சிகளுக்கு மட்டும் எடுபடும்.

வானத்துக்கு நான் நம்பி இருப்பது 2020-இல் 2.90 பதிப்பில் வந்த நிஷிட்டா ஸ்கை. ஜப்பானிய ஆய்வாளர் டொமொயுக்கி நிஷிட்டா 1993-இல் வெளியிட்ட வளிமண்டலச் சிதறல் முறையை அடிப்படையாகக் கொண்டது அது. சூரியனின் உயரக் கோணத்தை மாற்றினால் நிறமும் பலமும் தானாக மாறும். காரணம் எளிது. சூரியன் உச்சியில் இருக்கும்போது ஒளி கடக்கும் காற்றின் தடிமனை 1 என்று வைத்தால், 30 டிகிரியில் அது 2, 5 டிகிரியில் சுமார் 10. அவ்வளவு காற்றைக் கடந்து வரும்போது நீலம் வழியிலேயே சிதறித் தீர்ந்துவிடும். கையால் ஆரஞ்சு நிறம் பூசிய சன் விளக்கு இந்த நுட்பத்தைத் தராது. அதில் வெயில் மட்டும் சிவக்கும், நிழல் சிவக்கவோ நீலிக்கவோ செய்யாமல் அப்படியே கிடக்கும்.

முதல் ரெண்டரில் (கணினி கணக்கிட்டுத் தரும் படம்) எல்லாம் வெள்ளையாக எரிந்துபோய்த் தெரியும். பலரும் இங்கேதான் வானத்தின் பலமான பேக்ரவுண்ட் ஸ்ட்ரெங்த்தைக் குறைக்கப் போகிறார்கள். நான் அதை 1-இலேயே விட்டு, நண்பகல் காட்சிக்கு எக்ஸ்போஷரை -4 சுற்றிலும், பொழுது சாயச் சாய -2, -1 என்றும் கொண்டுவருகிறேன். நிஷிட்டாவில் மேகம் கிடையாது, தொடுவானத்துக்குக் கீழே கறுத்துவிடும். எனவே நிலப்பரப்பைத் தொடுவானம்வரை இழுத்தே ஆக வேண்டும். எச்டிஆர்ஐ (நிஜ வானத்தை விரிந்த ஒளி வீச்சோடு பதிந்த படம்) வானம் மேகத்தோடு வருகிறதே என்றால், அதில் பலவற்றில் சூரியனின் உச்சப் பிரகாசம் பதிவின்போதே வெட்டுப்பட்டிருக்கும். ஒரு கம்பத்தை நட்டுப் பாருங்கள். அதன் நிழல் கூர்மையாக விழாமல் கரைந்து நின்றால், அந்த எச்டிஆர்ஐயில் சூரியன் முழுசாக இல்லை.

ஒரு காட்சியை அருகில் வைத்துக் காட்டுகிறேன். அதிகாலைப் பள்ளத்தாக்கு, கேமரா ஏறக்குறைய சூரியனைப் பார்க்கிறது. உயரக் கோணம் 6 டிகிரி, டஸ்ட் (காற்றில் உள்ள தூசியின் அளவு) 3. சூரிய வட்டு நிஜத்தில் உள்ளபடி அரை டிகிரிக்குச் சற்று மேல். இதைப் பெரிதாக்கினால் மரநிழல் பஞ்சாகிவிடும். இப்போது வியூ டிரான்ஸ்ஃபார்மை ‘ஃபால்ஸ் கலர்’ என்று மாற்றுகிறேன். பிரகாசப் படிகள் வெவ்வேறு நிறங்களாகத் தெரியும். நடுச்சாம்பல் சாம்பலாகவே நிற்கும். வெயில் பட்ட புல்சரிவு சாம்பலுக்கு வரும்வரை ஸ்லைடரை நகர்த்துகிறேன். நிழலில் உள்ள பாறை அதற்குக் கீழே நீலத்தில் விழுகிறது, சூரியனைச் சுற்றிய வானம் உச்சத்தில் நிற்கிறது. திரும்ப ஏஜிஎக்ஸுக்கு வந்தால் படம் அமைந்திருக்கிறது. எந்த விளக்கும் புதிதாக வைக்கவில்லை. இந்தக் கருவியை ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. ராத்திரி கண்ணும் மாறும், மானிட்டரும் ஏமாற்றும். ஃபால்ஸ் கலர் மாறாது.

வெளிச்சம் சரியில்லை என்று தோன்றும் படங்களில் பாதிக்கு, கோளாறு பரப்பின் நிறத்தில் இருக்கிறது. புல் ஒளியில் கால் பங்கைத் திருப்பும், பாலை மணல் 40 சதவீதம், புதுத் தார் 4 அல்லது 5 சதவீதம். பனிக்கு 1.0 என்று முழு வெள்ளை கொடுத்தால் ஒளி எத்தனை முறை பட்டுத் தெறித்தாலும் தேயாது. பள்ளத்தாக்கு முழுக்க உள்ளிருந்து ஒளிர்வதுபோல் ஆகிவிடும். 0.85 வைத்ததும் பள்ளங்களுக்கு ஆழம் வரும். கரிக்கட்டைகூடக் கொஞ்சம் ஒளியைத் திருப்பத்தான் செய்கிறது, ஆகவே எதற்கும் 0 வேண்டாம். ரஃப்னெஸ் (சொரசொரப்பு), நார்மல் (மேடுபள்ளம்) மேப் படங்களை, நிறமல்ல வெறும் தரவு என்று பொருள்படும் ‘நான்-கலர்’ என்று குறிக்கிறோமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் ஈரப்பாறையின் மினுமினுப்பு கன்னாபின்னாவென்று போகும்.

தூரத்துக்கு மூட்டம் இல்லாவிட்டால் மலை பொம்மையாகிவிடும். காட்சியைச் சூழ்ந்த வேர்ல்டிலேயே வால்யூம் (மூடுபனி போன்ற பருமன்) போடுவது கைகொடுக்காது. அது முடிவில்லாமல் பரவுவதால் சூரிய ஒளி காட்சிக்குள் வந்தே சேராது. பெரிய பெட்டி ஒன்றுக்குள் அடைத்த வால்யூம் அழகாக வரும், ஒளிக்கற்றைகள்கூடக் கிடைக்கும்; ரெண்டர் நேரத்தைத்தான் தின்றுவிடும். நிலைப்படங்களுக்கு மிஸ்ட் பாஸை (தூரத்தைச் சாம்பல் அளவாகக் காட்டும் தனிப்படம்) கம்பாசிட்டரில், அதாவது ரெண்டருக்குப் பின் படங்களைச் சேர்க்கும் பகுதியில், கலப்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. மூட்டத்தின் நிறத்தைத் தொடுவானத்திலிருந்தே எடுக்க வேண்டும். சூரியனுக்கு எதிர்த்திசையில் அது நீலமாக இருக்கும், சூரியன் பக்கம் பால்மஞ்சள். எல்லாத் திசைக்கும் ஒரே நீலம் போட்டால் எங்கோ இடிக்கும்.

நிலாக்காட்சி தனிக்கதை. நிலவொளி முழுவெயிலைவிட ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு மங்கல், அதன் நிறமோ சூரிய ஒளியைவிடச் சற்றே சிவப்பு. நீலமாகத் தெரிவது மங்கலில் நம் கண் நடந்துகொள்ளும் விதத்தால். அதனால் விளக்கை வெண்மையாகவே விட்டு, நீலத்தைக் கடைசியில் கம்பாசிட்டரில், அதுவும் இருண்ட பகுதிகளில் மட்டும் சேர்க்கிறேன்.

படத்தைச் சேமிக்கும்போது இஎக்ஸ்ஆர் என்ற கோப்பு வடிவம். பிஎன்ஜியில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் பதிந்துபோய்விடும். இஎக்ஸ்ஆரில் மூல ஒளி அளவுகள் அப்படியே இருக்கும், எக்ஸ்போஷரை அடுத்த மாதம்கூட மாற்றலாம். கலர் மேனேஜ்மென்ட்டில் உள்ள எக்ஸ்போஷர் பார்வையை மட்டும் மாற்றும், பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸின் ஃபில்ம் பகுதியில் உள்ளது தரவையே பெருக்கிவிடும். இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவதை 1-இலேயே விட்டுவிடுங்கள்.

எனக்கு இன்னும் குறையாகத் தெரிவது ஒன்று: எக்ஸ்போஷர் காட்சிக்கு (சீன்) ஒன்றுதான், கேமராவுக்குக் கேமரா தனியாகக் கிடையாது. ஒரே பள்ளத்தாக்கை வெயில் பக்கமிருந்தும் எதிர்வெயிலிலும் எடுக்கும்போது இது இடைஞ்சல். இப்போதைக்கு லிங்க்ட் காப்பியாக இன்னொரு சீன் உருவாக்கி, அதற்கு வேறு எக்ஸ்போஷர் வைத்துக்கொள்கிறேன். நிலம், மரம், வானம் எல்லாம் பொதுவாகவே இருக்கும். மலையில் ஒரு பாறையை நகர்த்தினால் இரண்டு சீனிலும் நகர்ந்துவிடும்.