சிலிக்கன் வெட்ட வைர டூல் வாங்குகிறவர்கள் கவனம்: எனக்கு 1,80,000 ரூபா போனது

இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆய்வுக்கென்று 1,80,000 ரூபா கொடுத்து வாங்கிய ஒற்றைப் படிக வைர டூல். சான்றிதழில் விளிம்பு ஆரை (வெட்டும் விளிம்பின் வளைவு; சின்னதாக இருந்தால்தான் கூர்) 50 நனோமீற்றர் என்று இருக்கிறது. படத்தில் அளந்தால் 400.

கடையின் பெயரைப் போடவில்லை. யாழ்ப்பாண நகருக்குள் மெஷின் சாமான்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துக் கொடுக்கும் இடம். முதலாளி பெட்டியை என் முன்னால்தான் உடைத்தார். டூலைக் கடை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, "பாரும் தம்பி, ஒரு கீறல் இருக்கோ?" என்றார். விளிம்பு நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. பிளேன்ரீ வந்தது. சான்றிதழில் 50 என்ற இலக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நம்பிக் காசை எண்ணிக் கொடுத்தேன். ஒளியால் பார்க்கும் நுணுக்குக்காட்டியில் 50 நனோமீற்றர் வளைவை யாராலும் காண முடியாது. டூல் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

தெரிந்த ஆய்வுகூடமொன்றில் கெஞ்சி நேரம் வாங்கி, 40 நனோமீற்றர் ஆழம் வைத்து ஓட்டினோம். சிலிக்கன் சீவல் வரவேயில்லை. ஆழம் விளிம்பு ஆரையின் ஒரு குறிப்பிட்ட பங்குக்குக் கீழே போனால் டூல் வெட்டாது, உழும். ஆரை 400 என்றால் சிலிக்கனைத் தொடுவது அந்த உருண்டையின் அடிப்பகுதி மட்டும்தான். பொருள் மேலேறிச் சீவலாகாமல் கீழே நசுங்கி, டூல் கடந்ததும் கொஞ்சம் மேலெழும்புகிறது. டூலை மேலே தள்ளும் விசை, வெட்டும் விசையைத் தாண்டிப் போனது. மேற்பரப்பு பளபளத்தாலும் அடியில் படிக ஒழுங்கு குலைந்த படை மிஞ்சும்.

கோல் எடுத்தேன். "மெஷினில பிழையா இருக்கும்." பிறகு, "நீங்கள் ஓட்டித் தேய்ச்சிட்டீங்கள்." சிலிக்கன் வைரத்தைத் தேய்க்கும், சரி. முதல் ஓட்டத்திலேயே சீவல் இல்லையே! கடைசியில், "சிலிக்கனுக்குக் கொஞ்சம் மொட்டை நல்லதாம், நெற்றில இருக்கு" என்றார்.

பாதி உண்மையை எடுத்து முகத்தில் எறிகிறார். வளைந்த விளிம்பின் கீழ் அழுத்தம் 10 கிகாபாஸ்கலைத் தாண்டும்போது சிலிக்கன் உலோகத் தன்மையான கட்டத்துக்கு மாறி, நொறுங்காமல் வெட்டுப்படும். அதற்கு ஆழம் ஆரையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் சீவல் நின்றுபோகும் அளவுக்குக் குறையவும் கூடாது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் நிற்க ஆரை சரியாகத் தெரிய வேண்டும். நான் 1,80,000 ரூபா கொடுத்தது அந்த 50 என்ற எண்ணுக்குத்தான்.

இப்போது கோலை எடுப்பதே இல்லை.

வாங்கப் போகிறவர்கள், டூலின் தொடர் இலக்கம் தெரியும்படியான இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தைக் கேளுங்கள். படம் வரும்வரை முழுக் காசும் கொடுக்காதீர்கள். பழைய டூலைத் திருப்பித் தீட்டியதா என்று எழுத்தில் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

முதலாளி இதை வாசித்தால்: டூல் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. என் 1,80,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள்.